அம்மா படத்துக்கு வயலின்

வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது அப்பாவுக்கு வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு மாற்றல் வந்தது. வேங்கிக்காலில் ஆபீஸ். பக்கத்திலேயே ஒரு மனை வாங்கிவிடலாம் என்றார் அப்பா. அம்மா கேட்கவில்லை. செங்கத்துப் பக்கம் தாய்வீட்டில் தன் பங்குக்கு வந்த நிலத்தை விற்று, ஆசிரமங்கள் இருக்கிற பக்கமாகப் பார்த்து ஒரு சந்தில் இடம் வாங்கி, மாடியோடு வீடு கட்டினாள்.

"வேங்கிக்கால்ல கட்டினா கிளார்க்குதான் வாடகைக்கு வருவான். இங்க கட்டினா வெள்ளைக்காரன் வருவான்."

அப்பாவும் கிளார்க்குதான்.

அம்மா சொன்னபடியே வெள்ளைக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஏதோ ஒரு குளிர்தேசத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். மழை விடும் சமயத்தில் வந்து, வெயில் ஏறத் தொடங்கியதும் ஊருக்குப் போய்விடுவார். மறு வருஷம் மறுபடி வருவார். வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடிக்காரர், அவ்வளவுதான்.

மௌனத்தைத் தேடி வந்ததாகச் சொன்னார். ஒருமுறை சொல்லிவிட்டு விட்டிருந்தால் பரவாயில்லை. காலையில் வெந்நீர் கேட்க இறங்கும்போது மௌனத்தின் அருமையைச் சொல்வார். மாலையில் மலையைப் பார்த்தபடி மாடிப்படியில் உட்கார்ந்து, துணி எடுக்கப் போகிற என்னை நிறுத்தி மறுபடியும் சொல்வார். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். அதனால் அவர் ஆங்கிலத்தைக் கேட்கவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"இன்னாடி சொல்றாரு?" என்று அம்மா கேட்பாள்.

"பேசாம இருக்கிறது ரொம்ப நல்லதாம்."

"அதைச் சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?"

அவரிடம் ஒரு பெரிய கேமரா இருந்தது. சந்தில், ஏரிக்கரையில், மலை சுற்றும் பாதையில் எங்கும் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைவார். எதைப் படம் எடுப்பார் என்பதைவிட எதை எடுக்கமாட்டார் என்பது எனக்குச் சுவாரசியம். ஸ்கூட்டரை எடுக்கமாட்டார். டிவி ஆன்டெனா தெரிந்தால் நகர்ந்து நின்று எடுப்பார். குழாயடியில் ஒரு பெண்மணி பச்சை பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க, மண்பானை இருக்கிறதா என்று அவளிடம் கேட்கும்படி என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். "அவங்க ஊட்டுல இருந்தா கொண்டாரச் சொல்லு" என்றாள் அந்தப் பெண்மணி.

அம்மாவையும் அவர் படம் எடுத்தார். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்த நாள் அது. இருப்பதிலேயே பழைய புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, கையில் துடைப்பத்தோடு அம்மா வாசலில் நின்றிருந்தாள். முகமெல்லாம் சுண்ணாம்பு. வெள்ளையடிக்க வந்த ஆள் பாதியில் பீடி குடிக்கப் போனவன் திரும்பவில்லை. அவன் வருகிறானா என்று சந்துமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை மாடிக்காரர் மேலிருந்து பார்த்துவிட்டார். வேகமாக இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அவர் வந்தபோது கூடவே ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஸ்லைடு புரொஜெக்டர். தலைமேல் ஒரு வட்டத் தட்டு. அதில் வரிசையாக, சட்டம் போட்ட சின்னச் சின்ன ஃபிலிம் துண்டுகளைச் சொருகிவைப்பது. நீளமான ஒயரின் முனையில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் தட்டு ஒரு இடம் நகரும், 'டக்' என்று ஒரு படம் இறங்கும், சுவரில் பெரிதாக விழும். எடுத்த படங்களையெல்லாம் தன் ஊரில் கழுவிக் கொண்டுவந்திருந்தார். அவற்றைப் பாட்டோடு சேர்த்து ஒரு காட்சியாக நடத்தப்போகிறாராம். பாட்டு என்றால் வாய்ப்பாட்டு இல்லை. புல்லாங்குழல், வயலின், நடுநடுவே ஒரு மணியோசை. இரண்டு கேசட் நிறைய வைத்திருந்தார். காட்சிக்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால் 'மௌனத்தின் முகங்கள்'. மௌனத்துக்கு எதற்கு இரண்டு கேசட் என்று நான் கேட்கவில்லை. அவர் எனக்கு வேலை கொடுக்க வந்திருந்தார்.

படம் மாறுவது இசையோடு ஒட்டவேண்டும். குழல் ஒரு இடத்தில் மூச்சு விடும், அங்கே மாறவேண்டும். வயலின் மேலே போய் நிற்கும். அங்கே ஒரு முகம் வந்து அதுவும் நிற்கவேண்டும். இதை அவரே செய்துபார்த்தார். ஆனால் குழல் ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடினதும் பட்டனை மறந்துவிடுவார். ஒரே ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் முழுப் பாட்டுக்கும் சுவரிலேயே நிற்கும். ஆகவே கண் திறந்திருக்கிற ஒரு ஆள் தேவைப்பட்டது.

மாடியில் பகலில் ஜன்னலுக்கெல்லாம் பெட்ஷீட் கட்டி ஒத்திகை நடந்தது. கதவு திறந்திருக்கவேண்டும் என்றாள் அம்மா. அதோடு விடாமல், கீரையை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆய்வாள். உள்ளே சுவரில் என்ன ஓடுகிறது என்று அவள் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு மட்டும் காதில் விழும்.

"யாரு செத்துட்டாங்களாம்?" என்று கேட்டாள் முதல் நாள்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. பட்டனை அழுத்தியதும் படம் வந்துவிடாது. பழைய படம் மறையும், ஒரு நொடி இருட்டு, அப்புறம்தான் புதியது விழும். அதனால் குழல் மூச்சு விடும்போது அழுத்தினால் தாமதம். மூச்சு விடப்போகிறது என்று தெரிந்தவுடனே அழுத்தவேண்டும். இதற்காக அந்தக் கேசட்டுகளை மனப்பாடம் செய்தேன். கல்லூரியில் எந்தப் பாடத்தையும் அப்படிப் படித்ததில்லை. சரியான இடத்தில் படம் விழுந்தால் மயிர்க்கூச்செறியும். அதில் இருக்கிறவர் யார் என்று யோசிக்காத வரைக்கும்.

யோசித்தால் கெட்டது. ஏரிக்கரையில் ஒருவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்னணியில் மலை. கடவுளைத் தேடிக் களைத்த ஏழை என்று மாடிக்காரர் அதற்கு விளக்கம் வைத்திருந்தார். அவர் எங்கள் பால்காரர். அன்றைக்கு அவருக்குப் பல்வலி. அடுத்து, நீண்ட சடையோடு ஒரு சாமியார் சூரியனைப் பார்ப்பார். அவருக்குக் குழலின் உச்சம். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கேமராவைக் கண்டால் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

கடைசிக்கு முந்தைய படம் அம்மா. அவளுக்குத்தான் அழுகிற வயலின்.

"இது என் அம்மா" என்றேன் அவரிடம்.

"தெரியும். எல்லாருடைய அம்மாவும் இவள்தான்" என்றார்.

"நீங்கள் குடியிருக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரி."

அவர் சுவரில் இருந்த அம்மாவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் படத்தில் அவளுக்குச் சொந்தமாக எதுவுமே இல்லை. அதுதான் அழகு."

படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளை நான் திரும்பிப் பார்த்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேரிலேயே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். என்ன நடக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

காட்சி நடந்தது ரோட்டோரத்துக் காபிக் கடை ஒன்றின் மாடியில். கீற்றுக் கொட்டகை, தரையில் பாய். சாயங்காலம் ஆறரைக்கே வெள்ளைக்காரர்கள் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இது உங்கள் கதை, நீங்களும் வரவேண்டும் என்று மாடிக்காரர் எங்கள் ஆட்களையும் அழைத்திருந்தார். பால்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மனைவியோடு வந்தார். அப்பா, தலைவலிக்கிறது என்று வீட்டில் இருந்துகொண்டார். அம்மாவைப் பொறுத்தவரை நாலு பேர் கூடினால் அது விசேஷம். கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் பட்டு, கழுத்து நிறையச் சங்கிலி, கைக்கு ஆறு வளையல், தலையில் கனகாம்பரம். வெளுத்த கதரும் கசங்கின பைஜாமாவுமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நடுவே, முன்வரிசையில் சம்பந்தியம்மா மாதிரி உட்கார்ந்தாள்.

மாடிக்காரர் மௌனத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். பிறகு விளக்கை அணைத்தார்கள். நான் பட்டனோடு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

நன்றாகத்தான் போயிற்று. குழல் விட்ட மூச்சுக்கெல்லாம் படம் மாறியது. பால்காரர் சுவரில் வந்தபோது, "யோவ், நீதான்யா" என்று அவர் மனைவி சத்தமாகச் சொல்ல, வெள்ளைக்காரர்கள் 'உஷ்' என்றார்கள். சாமியாருக்கு எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அதன்பின் வயலின் ஏறத் தொடங்கியது. அது உச்சிக்குப் போய் நிற்கப்போகிற நேரம் பார்த்து அழுத்தினேன். சுவரில் அம்மா விழுந்தாள். பழம்புடவை, துண்டு, துடைப்பம், சுண்ணாம்பு முகம், ஓர் ஆள் உயரத்துக்கு. மொட்டைத்தலை வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது எங்க ஊட்டு வாசலு" என்றது அம்மாவின் குரல். கொஞ்சம் இடைவெளி. "அய்யய்யோ, நானு!"

மறுபடி 'உஷ்' வந்தது. அம்மாவை 'உஷ்' என்று சொல்லி யாரும் ஜெயித்ததில்லை. எழுந்தாள். எழுந்து நேரே சுவருக்கே போனாள். துடைப்பத்தோடு நின்ற அம்மாவுக்கு முன்னால் பட்டுப்புடவையில் ஒரு அம்மா.

"அடுத்ததுக்குப் போவாத, நிறுத்துடி" என்றாள் என்னிடம். நிறுத்தினேன். பட்டன் என் கையில். கேசட் மாடிக்காரர் பக்கத்தில். படம் நின்றது, வயலின் அழுதுகொண்டே இருந்தது.

"இவரைக் கேளு. நான் என்னா செத்தா போயிட்டேன்? எதுக்கு எனக்கு எழவுப் பாட்டு?"

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மாவுக்கு இசையைப் பற்றி ஒரு சந்தேகம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மாடிக்காரர் எழுந்து கைகூப்பினார். "இது சோகம் இல்லை என்று அவளிடம் சொல். இது ஆழம்."

"சோகம் இல்லையாம்மா. ஆழமாம்."

"ஆழமா இருந்தா கெணத்துல போய் போட்டுக்கச் சொல்லு. அன்னிக்கு அந்த வெள்ளையடிக்கிறவன் பாதியில ஓடிட்டான், வந்தா துடைப்பத்தாலயே போடலாம்னு பார்த்துகினு நிக்கறேன். கோவத்துல நிக்கறவ மூஞ்சிக்கு அழுவற பாட்டு போட்டா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? இவளுக்குச் சோத்துக்கு இல்ல போலனு நெனைக்க மாட்டாங்க?"

நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மொட்டைப் பாட்டி என் பக்கம் சாய்ந்து, அந்தப் பெண் எதற்காக இவ்வளவு வேதனைப்படுகிறாள் என்று கேட்டாள். வாடகைக்கு வீடு விடுகிற வேதனை என்றேன். அவள் புரிந்ததுபோல் தலையாட்டினாள்.

அதற்குள் பால்காரருக்குத் தைரியம் வந்துவிட்டது. "பாப்பா, எனக்கும் மாத்தச் சொல்லும்மா. எனக்குப் பல்லு வலி. அதுக்குப் போய் இந்தாளு ஒப்பாரி வச்சா நாளைக்கு எவன் எங்கிட்டப் பால் வாங்குவான், சீக்குக்காரன்னு சொல்ல மாட்டான்?"

இதையும் மொழிபெயர்த்தேன். பின்வரிசையில் ஒருவன் கைதட்டினான். இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். இதெல்லாம் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள் என்று அப்புறம்தான் எனக்கு விளங்கியது. மாடிக்காரருக்கு முகம் சிவந்துபோனது. கேசட்டை நிறுத்தினார். அந்த மாலையில் முதல்முறையாகக் கொட்டகையில் நிஜமாகவே சத்தம் இல்லை. அதை அவரால் தாங்கமுடியவில்லை. "அப்படியானால் அவளுக்கு என்னதான் வேண்டும்?" என்று கத்தினார்.

"வேறு பாட்டு போடவேண்டுமாம்" என்று காபிக் கடைக்காரர் நேரடியாகவே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கீழே போய் ஒரு கேசட்டோடு வந்தார். காலையில் கடை திறக்கும்போது அவர் போடுகிற நாதஸ்வரம். சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது.

தட்டை முதல் படத்துக்குத் திருப்பிவைத்தேன். தவில் ஆரம்பித்ததும் என் மனப்பாடமெல்லாம் வீண் என்று தெரிந்தது. இங்கே மூச்சு விடுகிற இடமே கிடையாது. தவில் தள்ளிக்கொண்டு போனது, நானும் அடித்துப்பிடித்து அழுத்திக்கொண்டு போனேன். அதே படங்கள். மாட்டுவண்டிச் சக்கரம் எங்கேயோ அவசரமாகப் போனது. சாமியார் முகூர்த்தத்துக்கு நேரமான மாப்பிள்ளை மாதிரி வானத்தைப் பார்த்தார். பால்காரர், பெண் கொடுத்த அசதியில் உட்கார்ந்த மாமனார் மாதிரி இருந்தார். கொட்டகையில் சிரிப்பு. அம்மா வந்தாள். தவில் உருட்டி முடித்த இடத்தில், துடைப்பத்தோடு, சுண்ணாம்பு பூசி, யாரையோ அடிக்கக் காத்துக்கொண்டு. கோபம் இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. மொட்டைப் பாட்டி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது நான்" என்று அம்மா எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கனகாம்பரத்தைச் சரிசெய்துகொண்டாள்.

மாடிக்காரர் இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் வெந்நீர் கேட்க வந்தபோது, மௌனத்தை நாங்கள் உடைத்துவிட்டதாக என்னிடம் சொன்னார். அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. உடைந்ததற்குச் சிமென்ட் பூசிக்கொடுப்பதாகச் சொல்லியிருப்பாள்.

நான் என்னவோ அவர் இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வருஷமும் வந்தார், புதுத் தலைப்போடு. இந்த முறை முதல் படத்துக்கே நாதஸ்வரம். கேசட்டை அவரே கோயில் கடையில் தேடி வாங்கியிருந்தார். காட்சிக்கு முன்னால் அவர் பேசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மலையடிவாரத்தில் எழுதப்படிக்கத் தெரியாத ஓர் ஏழைப் பெண்மணி தனக்கு ஒரு பெரிய உண்மையை உணர்த்தினாளாம். அம்மா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பத்திரம், பட்டா எல்லாவற்றையும் தானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள். கூட்டம் உருகியது. நான் பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆளைப் புரொஜெக்டரோடு சேர்த்துத் தூக்கிப்போடலாமா என்று யோசித்தேன். அழுத்தத்தான் செய்தேன். அந்தக் காட்சி எனக்கும் நன்றாகக் கைவந்திருந்தது, அதைக் கெடுக்க மனசில்லை.

அம்மா மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். இனிமேல் தன்னைப் படம் எடுப்பதானால் முன்கூட்டியே சொல்லவேண்டும், உடுத்திக்கொண்டு வருவாள். மாடிக்காரருக்குத் துடைப்பம் வேண்டும். அம்மாவுக்குப் பட்டு வேண்டும். பேசிப் பேசிக் கடைசியில் அரக்குப் பட்டும் சங்கிலியும் வளையலுமாக, கையில் துடைப்பத்தோடு ஒரு படம் எடுத்தார்கள். அதை அவர் தன் ஊரில் ஒரு கண்காட்சியில் வைத்து, அதைப் பற்றி ஆட்கள் நிறையப் பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். இந்தியப் பெண்ணின் முரண்பாடு என்றார். அம்மாவிடம், படம் நல்லா வந்திருக்காம் என்று மட்டும் சொன்னேன்.

அவரைப் பார்த்து மற்ற வெள்ளைக்காரர்களும் காட்சி வைக்கக் கிளம்பினார்கள். இரண்டு மூன்று குளிர்காலம் எனக்கு அதே வேலை. எல்லாரிடமும் அதே சாமியார், அதே சக்கரம், அதே ஏரி. இசை மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு. பிறகு எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, வேலூருக்கே திரும்பிப் போனேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தீபத்துக்கு வீட்டுக்கு வந்தபோது, மாடிக்காரர் மடிக்கணினி வாங்கியிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பார்க்க வாருங்கள் என்று என்னையும் அம்மாவையும் மேலே கூப்பிட்டார். படங்களையும் ஒரு பாட்டையும் உள்ளே போட்டுவிட்டால் போதுமாம், எந்தத் தாளத்துக்கு எது மாறவேண்டும் என்று கணினியே முடிவு செய்யுமாம். போட்டுக் காட்டினார். ஒரு இடம்கூடத் தவறவில்லை. நான் பத்து நாள் மனப்பாடம் செய்தும் தவறவிட்ட இடங்களையெல்லாம் அது சுலபமாகப் பிடித்தது. எரிச்சலாக இருந்தது.

படங்களில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. எடுக்கப் போனால் எங்கே போடுவீர்கள் என்று கேட்கிறார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்றார். அதனால் இப்போது வெள்ளைக்காரர்களையே எடுத்திருந்தார். கண்ணை மூடிப் பாறைமேல் உட்கார்ந்தவர்கள், சுவரில் சாய்ந்து அழுகிறவர்கள். ஒவ்வொரு முகமும் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வரும். பின்னால் யாரோ 'ம்ம்ம்' என்று நீளமாக முனகிக்கொண்டிருந்தார்கள்.

"என்னாத்துக்கு எல்லாரும் கிட்ட கிட்ட வராங்க, கைமாத்து கேக்கறாப்புல?" என்றாள் அம்மா.

அது கணினியே செய்வது என்று அவர் சொன்னதைச் சொன்னேன். அம்மா முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும், "பாவம், இன்னா கஷ்டமோ, ஊட்ட உட்டுட்டு இவ்ளோ தூரம் வந்து உக்காந்துகினு கீறாங்க" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை.

மாடிக்காரர் என்ன சொன்னாள் என்று கேட்டார். அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் கணினியை மூடிவிட்டு, அவள் சொல்வது சரி என்றார்.

அதற்கு மேல் ஒரு வருஷம் வந்தார். பிறகு வரவில்லை. அம்மா ஒரு குளிர்காலம் முழுக்க அறையை யாருக்கும் விடாமல் வைத்திருந்தாள். கேட்டால், சுவருக்கு வெள்ளையடிக்கணும், ஆள் கிடைக்கலை என்றாள். அப்புறம் ஒரு பேங்க் ஆபீசர் குடும்பம் குடிவந்தது. முதல் மாதமே தண்ணீர் மோட்டார் விஷயமாக அவர்களோடு சண்டை. அப்பா எனக்கு போன் செய்து, "உங்கம்மாவுக்கு இந்த ஆளுங்க சரிப்படலைமா, திட்டினா அவங்களுக்குப் புரிஞ்சுடுது" என்றார்.